பயிற்சிப் பணமும் பணி ஒப்பந்தமும்

ஆஸ்திரேலியாவில் டேஃப் எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளை மாநில அரசுகளே நடத்துகின்றன. செலவில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்டின் மத்திய அரசு 2005-இல் கொண்டுவந்த சட்டம், அந்தப் பங்கைப் பெற வேண்டுமானால் கல்லூரி ஊழியர்களுக்குத் தனிநபர் பணி ஒப்பந்தங்களை, அதாவது ஒவ்வோர் ஊழியரும் நிர்வாகத்துடன் தனித்தனியே செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை, வழங்க மாநிலங்கள் முன்வர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. வெல்டிங் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், தொழிற்சங்கம் பேசி முடித்த கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பதற்கும், அவருடைய மாணவர் பற்றவைத்த இணைப்பு எடை தாங்குவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பது நியாயம்தான்: எத்தனை பேர் படித்து முடித்தார்கள், பட்டறையில் இயந்திரங்கள் ஓடுகின்றனவா என்று கேட்கட்டும். தொழிலாளர் சட்டச் சீர்திருத்தத்தை ஊருக்குள் இறக்கும் வண்டியாகப் பயிற்சி நிதியைப் பயன்படுத்தியது தவறு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதே 2005-இல், மத்திய, மாநில அரசுகள் 1992-இல் உடன்பட்டு, தொழில்துறையினரை நிர்வாகக் குழுவில் அமர்த்தி உருவாக்கிய தேசியப் பயிற்சி ஆணையமும் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்புகள் மத்திய அமைச்சகத்துக்குள் சென்றன. 2007 தேர்தலில் ஹோவர்ட் அரசு தோற்றது. புதிய தனிநபர் ஒப்பந்தங்கள் 2008-இல் நிறுத்தப்பட்டன. ஆணையம் மீண்டும் அமைக்கப்படவில்லை.