ஒலியை அணைத்துவிட்டு பார்பரா ஸ்டான்விக்

வாரத்துக்கு ஒரு படம், வெளிவந்த வருட வரிசையில். பழைய ஹாலிவுட் நடிகை பார்பரா ஸ்டான்விக்கை இப்படிப் பார்க்கத் தொடங்கி பதினான்கு வாரம் ஆகிறது. ஒவ்வொரு படத்தையும் வழக்கம்போல ஒரு தடவை பார்த்துவிட்டு, மனதில் நின்ற காட்சியை மட்டும் ஒலி இல்லாமல் மறுபடி ஓட்டுகிறேன். நோட்டில் குறிப்பெழுதுவது அப்போதுதான்.

1930இல் வந்த ‘லேடீஸ் ஆஃப் லெஷர்’ முதல் வாரம். முதல் டேக்கிலேயே இவர் மொத்தத்தையும் கொட்டிவிடுவார், அடுத்தடுத்த டேக்குகளில் அந்தச் சூடு இருக்காது என்று இயக்குநர் ஃபிராங்க் காப்ரா கண்டுகொண்டாராம். அதனால் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டார். இதைப் படித்த பிறகு அழும் காட்சிகளை வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

‘பேபி ஃபேஸ்’ (1933) இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. தணிக்கைக்காக வெட்டித் திருத்திய பிரதியை முதலில் பார்த்தேன். வெட்டுக்கு முந்தைய பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 2004இல்தான் கிடைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் கதையின் நோக்கமே மாறிப்போகிறது.

‘ஸ்டெல்லா டல்லாஸ்’ (1937) கடைசிக் காட்சியை ஐந்து தடவை ஓட்டினேன். மகளின் கல்யாணத்தைத் தெருவில் மழையில் நின்று ஜன்னல் வழியே பார்க்கிறாள் தாய். வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். போலீஸ்காரர் நகரச் சொல்கிறார். அங்கிருந்து கேமராவை நோக்கி நடந்து வரும்போது நடை மெல்ல மெல்ல நிமிர்கிறது, முகம் மலர்கிறது. அப்போது ஸ்டான்விக்குக்கு வயது முப்பதுதான்.

இந்த வாரம் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944). காருக்குள் கணவன் கொல்லப்படுகிறான். கேமரா அந்தப் பக்கமே போவதில்லை. ஸ்டியரிங் பிடித்திருக்கும் மனைவியின் முகம் மட்டும். ஒலி இல்லாமல் பார்த்தால், அந்த முகத்தில் அசைவு அவ்வளவு குறைவு. கண்ணில் மட்டும் ஏதோ நிறைவு படர்கிறது. நான் பார்த்ததிலேயே பயங்கரமான கொலைக் காட்சி இது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

இந்த நடிகைக்கு போட்டியில் ஒரு ஆஸ்கர்கூடக் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நான்கு பரிந்துரைகள், கடைசியில் 1982இல் ஒரு கௌரவ விருது. தொலைக்காட்சிதான் கைகொடுத்தது, அதற்கான எம்மி விருது மூன்று.

அந்த ஆவலில் வரிசையை மீறி ‘தி பிக் வேலி’ தொடரில் ஆறு எபிசோடு பார்த்துவிட்டேன். 1965இல் தொடங்கிய தொடர், மொத்தம் 112. பண்ணையை ஆளும் விக்டோரியா பார்க்லியாக நரைத்த தலையோடு வருகிறார். மூன்று வளர்ந்த ஆண்கள் நிற்கிற அறையில் இவர் நுழைந்ததும் கண் இவரிடம்தான் போகிறது.

அடுத்தது ‘சாரி, ராங் நம்பர்’ (1948). வானொலி நாடகத்திலிருந்து வந்த கதை. படுக்கையை விட்டு எழ முடியாத பெண், கையில் டெலிபோன். இந்தத் தடவை திரையைத் துணியால் மூடிவிட்டு, குரலை மட்டும் கேட்கப்போகிறேன்.