ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு ஷிஃப்ட் அட்டவணையையும் கொண்டுபோங்கள்

சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்றதும் மருத்துவரிடமிருந்து வழக்கமாக மூன்று கேள்விகள் வரும். என்ன சாப்பிடுகிறீர்கள்? நடக்கிறீர்களா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். ஆறு நாள் வேலை, நாளுக்கு ஒன்பதேகால் மணி நேரம் என்றாலே 55ஐத் தாண்டிவிடுகிறது.

அதைவிடச் சிக்கலானது இரவு ஷிஃப்ட். பகலில் சாப்பிடும் அதே உணவை இரவு 2 மணிக்குச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும். இரவில் சுரக்கும் மெலடோனின், கணையத்தின் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துவது இதற்கு ஒரு காரணம். அதனால் முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். நள்ளிரவு முதல் காலை 6 வரை தண்ணீர் போதும். பசித்தால் புரதம் உள்ள சிறு உணவு. இனிப்புப் பானம் வேண்டவே வேண்டாம். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது.

பரிசோதனையிலும் ஒரு தவறு நடக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு ஆய்வகத்துக்குப் போய் 'வெறும் வயிறு' என்று ரத்தம் கொடுக்கிறார்கள். தூங்காத உடம்பின் சர்க்கரை அளவு உண்மை நிலையைக் காட்டாது. விடுமுறை நாளில், இரவு நன்றாகத் தூங்கி, 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் கொடுங்கள். இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணும் ஏமாற்றலாம்.

ரத்த அழுத்தம் இன்னொரு விதமாக ஏமாற்றும். மருத்துவமனையில் சரியாக இருந்து, வேலை நேரத்தில் மட்டும் ஏறி நிற்பவர்கள் உண்டு. ஆகவே வேலையின் நடுவிலும் பாருங்கள். அளப்பதற்கு முன் காபி, புகை இல்லாமல் அரை மணி நேரம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை சட்டைக்கு மேல் அல்ல, வெறும் கையில், இதய மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. பல நாள் சராசரி 135/85க்கு மேல் நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உட்கார்ந்தே வேலை செய்வதன் கேடு புதிய செய்தி அல்ல. லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953இலேயே பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் காட்டினார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. மாலையில் ஒரே மூச்சாக நடப்பது இதற்கு ஈடாகாது.

அதற்காக, சுமை தூக்குபவருக்கு வேலையே உடற்பயிற்சி என்று நினைத்துவிட வேண்டாம். தூக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் எகிறும், மணிக்கணக்கில் துடிப்பு தணியாது, இடையில் ஆறுதலும் கிடையாது. இதயத்துக்குப் பலம் தரும் பயிற்சி வேறு, தேய்க்கும் உழைப்பு வேறு. அவருக்கு முதலில் வேண்டியது இடைவேளை.

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் இரைச்சல் 85 டெசிபலை நெருங்கியிருக்கும். அது காதோடு நிற்பதில்லை, ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஈயம், ரேயான் ஆலையின் கார்பன் டைசல்ஃபைடு, உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும் மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் நீக்கி ஆகியவையும் இதயத்தையோ ரத்தக்குழாயையோ பாதிக்கலாம்; அவற்றோடு புழங்குபவர்கள் அந்தப் பெயர்களையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அட்டவணை போடுபவர்களுக்கு: ஷிஃப்ட் சுழற்சி காலை, மாலை, இரவு என்ற வரிசையில் போகட்டும்; தலைகீழாக வேண்டாம். இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் விடுங்கள். போக்குவரத்து, குளியல், சாப்பாடு போக ஏழு மணி நேரத் தூக்கம் மிஞ்ச அவ்வளவு தேவை.