சீனியர் இல்லாத நாளிலும் ஓட வேண்டிய அலுவலகம்

தென்னாற்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது. கடலூர் மஞ்சக்குப்பத்துப் பழைய வக்கீல் அலுவலகங்களின் பீரோக்களில் அந்தப் பிரிவினை இன்னும் நடக்கவில்லை. ஜில்லா கோர்ட்டுக்குக் கடலூர் வர வேண்டியிருந்த காலத்துத் திண்டிவனம், திருக்கோவிலூர் வழக்குக் கட்டுகள் இன்றும் அங்கே அடுக்கியிருக்கின்றன. "ஐயா, எங்க தாத்தா கேஸ் உங்க ஆபீஸ்லதான் நடந்துச்சாம்" என்று ஒருவர் வந்து நிற்பதும் நின்றுபோகவில்லை. அவர் சொல்லும் ஊரையும் தாத்தா பெயரையும் வைத்து அரை மணி நேரத்தில் கட்டை எடுத்துக் கொடுக்க முடிந்தால் அது பாரம்பரியமுள்ள அலுவலகம். முடியாவிட்டால் வயதான அலுவலகம், அவ்வளவுதான்.

பல அலுவலகங்களில் கட்டுகளை வழக்கு எண் வரிசையில் மட்டும் அடுக்குகிறார்கள். கட்சிக்காரருக்கு வழக்கு எண் நினைவிருக்காது. அதோடு முன்சீப் கோர்ட்டில் ஓர் எண், அப்பீலில் ஓர் எண், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில் இன்னோர் எண் என்று ஒரே தகராறுக்கு எண்கள் மாறிக்கொண்டே போகும். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் மாறாதவை ஊர், தகப்பனார் பெயர், சர்வே எண் ஆகிய மூன்றும்தான். எனவே ஊர்வாரியாக ஒரு பதிவேடு தனியாக வேண்டும்: கிராமம், கட்சிக்காரர் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், எல்லாக் கோர்ட் எண்களும் ஒரே வரியில், முடிவு என்ன, எந்தத் தட்டு. ஒரு குமாஸ்தா மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் பழைய பீரோ முழுவதையும் எழுதி முடித்துவிடலாம்.

பழைய கட்டால் என்ன பயன் என்று இளையவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கோர்ட்டில் பழைய வழக்கு ஆவணங்களில் ஒரு பகுதி காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடுகிறது. அப்போது கோர்ட் நியமித்த கமிஷனரின் அறிக்கை, வரைபடம், சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றின் நகல் வக்கீல் அலுவலகத்துக் கட்டில் மட்டுமே மிஞ்சும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் பெயரோ பரப்போ தவறாக ஏறியதால் இன்று பட்டாவுக்கு அலையும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களுக்கு 1960களின் பாகப்பிரிவினை டிக்ரியில் (கோர்ட் தீர்ப்பாணையில்) இருக்கும் சொத்து விவரம், பழைய சர்வே எண்ணோடும் நான்கெல்லையோடும், உயிர் மாதிரி. அந்த டிக்ரியைப் பார்க்காமல் புதிதாகத் தாவா (சிவில் வழக்கு) போட்டால், ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம் என்று எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்போதுதான் வக்கீலுக்கே தெரியவரும். எல்லை தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனால் சிக்கல் வேறு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நொத்தேர் (நோட்டரி) முன்னிலையில் எழுதிய பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். அவற்றுக்கு முன்பே செய்துவைத்த மொழிபெயர்ப்பு ஒன்று கட்டில் கிடந்தால் பெரிய வேலை மிச்சம்.

அசல் பத்திரங்கள் தனிக் கதை. அசலைக் கட்டுக்குள் நூலில் கோக்கக் கூடாது, துளை போடக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. வாங்கும்போது பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் எழுதி ரசீது கொடுக்க வேண்டும். திருப்பும்போது அதே பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். வழக்கில் சாட்சியமாகக் குறியீடு செய்த ஆவணங்களைத் தீர்ப்புக்குப் பின் மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. அப்பீல் காலம் கடந்த பின்போ அப்பீல் முடிந்த பின்போ, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 13 விதி 9-இன்படி மனு போட்டு அவற்றை வாங்கிவிட வேண்டும். ஜெயித்த கட்சிக்காரர் டிக்ரி நகலோடு சந்தோஷமாகப் போய்விடுவார். பேத்தி கல்யாணத்துக்கு நிலத்தை விற்கப் போகும்போதுதான் மூலப்பத்திரம் எங்கே என்று தேடுவார்.

தேதிகளுக்கு வருவோம். வாய்தா தேதியைத் தவறவிடுவது இப்போது குறைந்திருக்கிறது. 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி வந்துவிடும். அந்தச் செயலி சொல்லாதது காலவரையறை. பிரதிவாதி பதிலாகத் தரும் எதிர்வழக்குரைக்குச் சம்மன் சார்வான (அவருக்குக் கிடைத்த) நாளிலிருந்து 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 90. ஒரு தரப்பு வராததால் ஆன எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்துசெய்ய 30 நாள். ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் 30, ஹைகோர்ட்டுக்கு 90. டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம். ஆனால் கட்டியதை இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை என்றால் மூன்றே வருடம். இந்த வேறுபாடு தெரியாமல் 'பன்னிரண்டு வருஷம் இருக்கே' என்று உட்கார்ந்திருந்து டிக்ரி செத்துப்போவது உண்டு. காசோலை வழக்கு இன்னும் கறார். வங்கியிலிருந்து திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், எதிராளி நோட்டீஸ் பெற்றதிலிருந்து பணம் கட்ட 15 நாள், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், "இன்னும் பத்து நாள் டைம் கேக்குறாருங்க" என்று நோட்டீஸை ஒத்திப்போடச் சொன்னால், அந்தப் பத்து நாளை முதலில் காலண்டரில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நகல் மனு இன்னும் நுட்பமானது. அப்பீல் காலத்தைக் கணக்கிடும்போது நகல் பெற ஆன நாள்கள் கழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். மனு போடுவதற்கு முன்பு டிக்ரி தயாரிக்கக் கோர்ட் எடுத்துக்கொண்ட நாள்கள் கழியாது என்பது பலருக்குத் தெரியாது. அதனால் தீர்ப்பு சொன்ன அன்றோ மறுநாளோ நகல் மனு போட்டுவிட வேண்டும். நகலின் பின்பக்கத்தில் மனு போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாக இருக்கும். கேட்ட தேதிக்கும் கட்டிய தேதிக்கும் நடுவே நாம் தூங்கிய நாள்கள் நம் கணக்கில்தான் ஏறும். ஜூனியருக்கு முதல் வாரத்திலேயே ஒரு பழைய நகலைக் கொடுத்து, அப்பீலுக்குக் கடைசி நாள் எது என்று கணக்குப் போடச் சொல்லலாம். அந்தக் கணக்கில் கிடைக்கும் பாடம் எத்தனை விரிவுரைகள் கேட்டாலும் கிடைக்காது.

எல்லாத் தேதிகளையும்விட எனக்குப் பயமானது மரணம். வழக்கு நடக்கும்போது கட்சிக்காரர் இறந்துபோனால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும். தவறினால் வழக்கு அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க அடுத்து 60 நாள். அதுவும் போனால் தாமதத்தை மன்னிக்கும்படி ஒவ்வொரு நாளுக்கும் காரணம் எழுத வேண்டும். ஊரில் காரியம் முடிந்து, வீட்டார் துக்கத்திலிருந்து மீண்டு, வழக்கு நினைவுக்கு வரும்போது ஐந்து மாதம் ஓடியிருக்கும். எதிர்த்தரப்பில் ஒருவர் இறந்தாலும் இதே கெடுதான். அவர் வக்கீலுக்குத் தகவல் தெரிந்தால் கோர்ட்டில் சொல்ல வேண்டிய கடமை சட்டத்திலேயே இருக்கிறது; அவருக்கும் தெரியாவிட்டால் என்ன செய்வது? ஊரோடு தொடர்புள்ள அலுவலகத்துக்குச் சாவுச் செய்தி வந்துவிடும். நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் இன்னொரு கட்சிக்காரரோ குமாஸ்தாவின் உறவினரோ சொல்லிவிடுவார்கள். ஊர்க்காரர்களை உட்காரவைத்து நாலு வார்த்தை பேசி அனுப்பும் பழக்கத்துக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

ஜூனியர் பயிற்சி என்றால் பலர் மனதில் வாதம் செய்வதுதான் நிற்கிறது. நல்ல சீனியர்கள் குமாஸ்தாவின் மேசையிலிருந்து தொடங்குவார்கள். கோர்ட்டில் போட்ட தாவா ஏன் குறை காட்டி ரிட்டர்ன் ஆகிறது? சொத்து மதிப்பும் கோர்ட் கட்டணமும் ஒத்துப்போகாமை, வழக்குப் போடக் காரணம் எழுந்த தேதி விட்டுப்போதல், வக்காலத்தில் (கட்சிக்காரர் வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தில்) ஸ்டாம்ப் குறைவு, சொத்து விவரத்தில் நான்கெல்லை இல்லாமை. ரிட்டர்னைச் சரிசெய்து குறித்த நாளுக்குள் மறுபடி தாக்கல் செய்யாவிட்டால் அதற்கும் தனியாகத் தாமத மன்னிப்பு மனு வேண்டும். இரண்டு மாதம் இதைச் செய்த ஜூனியர் எழுதும் தாவா, நேரே வாதத்துக்குப் போனவர் எழுதுவதைவிடச் சுத்தமாக இருக்கும்.

அடுத்தது எழுத்து. கட்சிக்காரர் சொல்வதைக் கேட்டதும் தாவா எழுத உட்காரக் கூடாது. முதலில் தேதிவாரிப் பட்டியல்: இடப்பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலப்பக்கம் அதற்கு என்ன ஆவணம். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள்தான் குறுக்கு விசாரணையில் நம்மைக் குத்தப்போகும் இடங்கள். சீனியர் அந்தப் பட்டியலை மட்டும் திருத்திக் கொடுத்தாலே போதும், பாதிப் பயிற்சி முடிந்தது.

சாட்சி விசாரணையில் ஜூனியரின் வேலை பதிலை அப்படியே எழுதுவது. 'எனக்குத் தெரியாது' என்பதற்கும் 'ஞாபகமில்லை' என்பதற்கும் தீர்ப்பில் வித்தியாசம் உண்டு. தட்டச்சில் அது மாறியிருந்தால், சாட்சி கையெழுத்துப் போடும் முன்பே எழுந்து சொல்ல வேண்டும். அப்புறம் சொல்லிப் பயனில்லை. பிறகு சிறிய சாட்சிகளை, உதாரணத்துக்கு அடங்கல் (சாகுபடிக் கணக்கு) பதிவை நிரூபிக்க வரும் கிராம நிர்வாக அலுவலரை, ஜூனியரையே விசாரிக்க விட்டுச் சீனியர் பின்னால் உட்கார வேண்டும். தவறினால் கோர்ட் ஹாலில் திருத்தக் கூடாது. மாலையில் அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம். நீதிபதி முன்பு ஒருமுறை கூனிப்போன ஜூனியர் அடுத்த வருடம் எழுந்து நிற்பதற்கே தயங்குவார்.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரச் சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. கடலூர் இரண்டாவது வகையில் வரும். 'செலவுக்கு வைத்துக்கொள்' என்று நினைத்தபோது கொடுப்பது ஊதியம் ஆகாது. விருத்தாசலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் முதல் தலைமுறை வக்கீலுக்கு மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நிச்சயமான தொகை கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனார் வக்கீலாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தத் தொழிலில் தங்குவார்கள்.

ஜூனியர் பெயரை வக்காலத்தில் முதல் நாளே சேர்ப்பது மரியாதைக்காக மட்டும் செய்வதல்ல. வக்கீல் இறந்தால் அவர் பெயரிலுள்ள வக்காலத்து அதோடு முடிகிறது. இரண்டாவது பெயர் இருந்தால் வழக்கு தடைப்படாது. தனிப் பெயர் என்றால், கட்சிக்காரருக்குத் தெரியும் முன்பே வழக்கு ஆஜராகாமைக்குத் தள்ளுபடியாகலாம். கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போக விரும்பினால் பட்டியல் போட்டுக் கட்டைக் கொடுத்துவிட வேண்டும். பீஸ் பாக்கிக்காகக் கட்டை நிறுத்திவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது.

கடலூர்க் கடற்கரைக்கு 2004 சுனாமியும், 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2015 வெள்ளமும் வந்து போயின. பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோரும் அதே பிரிவில் வருகிறார்கள். தேவனாம்பட்டினத்திலோ சோத்திக்குப்பத்திலோ முகாம் போட்டு இதை மைக்கில் படித்தால் மட்டும் போதாது. வந்தவர் கையில் நனைந்த ஒரு காகிதம் இருக்கும். அதற்குத்தான் அவர் பதில் தேடுகிறார். நனைந்த பத்திரத்தை நிழலில் விரித்துக் காற்றில் உலர்த்தச் சொல்ல வேண்டும். வெயிலும் இஸ்திரியும் ஆகாது, ஒட்டிய தாள்களைப் பிய்க்கக் கூடாது. தொலைந்தே போயிருந்தால் பத்திர எண்ணும் ஆண்டும் இருந்தால் சார்பதிவாளரிடம் நகல் கிடைக்கும். எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போடலாம். 1975 முதல் உள்ளவை இணையத்திலேயே வரும். அதற்கு முந்தையவற்றைச் சார்பதிவகத்தின் பெயர் அட்டவணையிலும் சொத்து அட்டவணையிலும் தேட வேண்டும். முகாமில் ஒரு மேசை, மனுப் படிவங்கள், மை அட்டை, ஒரு நோட்டு. நோட்டில் பெயர், பிரச்சினை, எங்கே மனு போனது, மறுபடி வரும் தேதி. மறுபடி வராத முகாமை ஊர்க்காரர்கள் ஒருமுறைதான் நம்புவார்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கும் வழக்குகளுக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே எழுதும் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். எழுதியதைக் கையெழுத்துக்கு முன் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். எந்தத் தேதிக்குள் எவ்வளவு, தராவிட்டால் என்ன என்ற இரண்டு வரிகளையும் அவசரத்தில் விட்டுவிட்டால் நிறைவேற்று மனுவில் திணற வேண்டிவரும்.

பழைய அலுவலகம் ஒன்று கைமாறும்போதோ மூடும்போதோ மிஞ்சுவது கேட்பாரற்ற அசல் பத்திரங்கள். இவற்றைக் கிராமவாரியாகப் பிரித்து, பத்திர எண், ஆண்டு, எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் என்று பட்டியல் போட்டு, பழைய முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம். அந்தந்த ஊரில் முகாம் நடக்கும்போது பெயர்களை அறிவிக்கலாம். வருகிறவர் மூத்த மகன் என்பதற்காக மட்டும் கையில் கொடுத்துவிடக் கூடாது. தனியாளிடம் போன பத்திரம் மறுவாரமே அடமானத்துக்குப் போய், அண்ணன் தங்கைக்குள் புது வழக்கு முளைக்கும். வாரிசுச் சான்று வாங்கிப் பார்த்து, அதிலுள்ள அத்தனை பேரையும் வரச்சொல்லி, ஒரே நாளில் எல்லோர் முன்னிலையிலும் கொடுத்து, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியூரில் இருப்பவர் வர முடியாவிட்டால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வரும்வரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஆளுக்கொரு ஜெராக்ஸ் மட்டும் அன்றே கொடுத்து அனுப்பலாம்.