கம்போடியாவில் கடைசி இரண்டு நாள்: அம்மா, கருப்பட்டி, காரைக்கால் அம்மையார்

எட்டு நாள் பயணத்தில் ஆறு நாள் ஓடிவிட்டது. வியட்நாமில் ஹனோய், ஹாலோங் வளைகுடா, ஹோ சி மின் நகரம் எல்லாம் முடித்து, கம்போடியாவின் சியம் ரீப் வந்து, அங்கோர் கோயில்களில் பாயோனும் தா ப்ரோமும் பார்த்தாகிவிட்டது. செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் என்று மும்பையின் பல மூலைகளிலிருந்து சேர்ந்த 22 தமிழர்கள் நாங்கள். பாதிப் பேருக்குக் கால் வீங்கியிருந்தது. என் அம்மாவுக்கு வயது 71, சொந்த ஊர் உடன்குடி. கல்யாணமாகி மும்பைக்கு வந்து 50 வருஷமாகிறது. பாஸ்போர்ட் எடுத்தது போன வருஷம்தான்.

ஏழாம் நாள் காலை முழுவதையும் ஷாப்பிங்குக்கு ஒதுக்கியிருந்தார்கள். பன்தேய் ஸ்ரே பட்டியலிலேயே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கோர் வரை போய்விட்டு அந்தக் கோயிலைப் பார்க்காமல் திரும்புவது நமக்குப் பெரிய நஷ்டம். டூர் மேனேஜரிடம் பேசினேன். வேண்டியவர்கள் தனி வேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆறு பேர் சேர்ந்தோம். 62 டாலர் கொடுத்து வாங்கிய மூன்று நாள் அங்கோர் டிக்கெட்டே அங்கேயும் செல்லும், அதனால் வேன் வாடகை மட்டும்தான் கூடுதல் செலவு.

ஊரைத் தாண்டியதும் வயலும் பனையும்தான். அம்மா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. பனைதான் கம்போடியாவின் தேசிய மரம் என்றேன். "நம்மூரு மாதிரியே இருக்கு பாரு" என்றார். ரோட்டோரம் ஒரு பெண் இரும்புச் சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருக்க, அம்மா வேனை நிறுத்தச் சொல்லிவிட்டார். பதநீர் காய்ச்சுகிற வாசனை அவருக்கு முன்னாடியே தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு சின்ன வில்லையை எடுத்து நீட்டினார். நம் கருப்பட்டியைவிட வெளுப்பு. அம்மா வாயில் போட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் மரத்தைக் காட்டி, யார் ஏறுவது என்று சைகையில் கேட்டார். அந்தப் பெண் கொல்லையில் நின்ற கணவரைக் காட்டினார். மரத்தோடு சேர்த்து ஒற்றை மூங்கிலைக் கட்டி, அதன் கணுக்கிளைகளில் கால் வைத்து ஏறுகிறார்கள். "எங்க ஐயா தளநார் போட்டு ஏறுவாவ. இங்க ஏணி கட்டிருக்காவ" என்று அம்மா தமிழிலேயே சொன்னார். தளநார் என்பது பனையேறிகள் காலில் மாட்டிக்கொள்ளும் நார். அந்தப் பெண் புரிந்ததுபோலத் தலையாட்டினார். வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பனையோலையில் சுற்றி, ஓலையிலேயே நார் கிழித்துக் கட்டிக் கொடுத்தார். ஆறு கட்டு வாங்கினோம்.

பன்தேய் ஸ்ரே சின்னக் கோயில். 967-இல் எழுந்தது, அங்கோர் வாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. கட்டியவர் அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற அந்தணர். இளஞ்சிவப்பு மணற்கல்லில், மரத்தில் செதுக்கியதுபோல அவ்வளவு நுணுக்கம். கயிலையை அசைக்கும் ராவணனை எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் தேடிப் போனது கிழக்குக் கோபுரத்து முகப்பை. அங்கே சிவன் ஆடுகிறார். காலடியில் மெலிந்து, மார்பு வற்றிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

சிற்பம் உயரத்தில் இருந்ததால் அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. மொபைலில் படம் எடுத்து, பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். வெயிலை மறைக்க முந்தானையைத் திரை மேலே பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏட்டி, அம்மையார் இங்கயும் உக்காந்துதான இருக்காவ!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். எத்தனையோ கட்டுரை படித்துவிட்டுப் போன எனக்கு அது தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த வரிசையைச் சுற்றி வந்த அம்மாவுக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த முகப்புக்கு நேரே கைகூப்பி நின்றார்.

கடைசி நாள் விடியற்காலை அங்கோர் வாட். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுகிறது. அழகுதான், ஆனால் குளக்கரையில் நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு அதைவிட மேற்கு வாசலில் நிற்கும் எட்டுக் கை விஷ்ணுதான் பிடித்தது. மஞ்சள் துணி உடுத்தி, ஊதுபத்தி ஏற்றி, உள்ளூர்க்காரர்கள் இன்றும் கும்பிடுகிறார்கள். காஞ்சிபுரம் அட்டபுயகரத்தில் எட்டுக் கைப் பெருமாளைப் பார்த்திருந்த மாட்டுங்கா மாமி ஒருவர் அங்கேயே நின்றுவிட்டார். அவரை அழைத்து வருவதற்குள் பஸ் புறப்படும் நேரமாகிவிட்டது. புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். பாங்காக்கில் விமானம் மாறி, நள்ளிரவில் மும்பை.

நேற்று காலை அம்மா முதல் ஓலைக்கட்டைப் பிரித்தார். ஒரு வில்லையை நுணுக்கி, சுக்கு தட்டிப் போட்டு, கருப்பட்டிக் காப்பி வைத்தார். மிச்சத்தை அதே ஓலையில் சுற்றி, அதே நாரால் கட்டி வைத்துவிட்டு, "அந்த அம்மையார் படத்தப் பெருசாப் பிரிண்ட் போட்டுக் கொண்டா, சாமி அலமாரியில வைக்கணும்" என்றார்.