அப்பா பெயர் ஒட்டிய தபால் பெட்டி

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்துதான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். 2023-இல் நான் அலைந்த அலைச்சலில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அந்த வருஷம்தான் இன்ஜினியரிங் முடித்தேன், அந்த வருஷம்தான் முதல்முறையாக விமானமும் ஏறினேன். ஊர் கோயம்புத்தூர், சிங்காநல்லூர் பக்கம். அப்பா ஸ்பின்னிங் மில்லில் இருபத்தேழு வருஷம் ஃபிட்டர், மில் மூடிய பிறகு ஒரு லேத் பட்டறையில் வேலை. நான் 2019-இல் மெக்கானிக்கல் சேர்ந்தேன். கொரோனாவில் ஒன்றரை வருஷம் போனுக்குள்ளேயே போய்விட்டது, லேப் என்று ஒன்றை ஒழுங்காகப் பார்த்ததே மூன்றாம் வருஷத்தில்தான். இன்னும் படிக்கணும், மெஷினைத் தொட்டுப் படிக்கணும் என்ற ஆசை அப்போது வந்தது. சீனியர் அக்கா ஒருவர் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்ற ஊரில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தார். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போல வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குவார்கள், அதைத் தவிர்த்துப் பார் என்றார். அன்றைக்குத்தான் வீட்டில் பேச்சே ஆரம்பித்தது.

முதல் படி ஏ.பி.எஸ். சான்றிதழ். நம் மார்க் ஷீட்டுகள் உண்மையானவைதான் என்று பார்த்துத் தரும் சான்று, 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். விண்ணப்பத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். கல்லூரியில் நாலு வருஷமாக எழுதிய பழக்கத்தில் பெயரை இனிஷியலோடு போட்டுவிட்டேன், பாஸ்போர்ட் நகலிலோ வேறு மாதிரி இருக்கிறது. கவனித்தபோது இரவு பதினொரு மணி. அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் அந்தப் பதினெட்டாயிரம் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி. மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பாவே நோட்டரியிடம் கூட்டிக்கொண்டு போனார். இனிஷியலோடு இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி. அதை நான்கு பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம், நான்கும் செலவாகிவிட்டன. நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இப்போது கல்லூரி மூன்றாம் வருஷத்தில் இருந்தால் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன வருகிறது என்று பார்த்து, அன்றைக்கே அந்த உறுதிமொழியையும் வாங்கிவிடுங்கள், விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து பிசகாமல் அப்படியே எழுதுங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாக அனுப்பினால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 30. ஆறு இடத்துக்குப் போட்டேன், இரண்டு கிடைத்தது. நம் சிஜிபிஏவை அவர்கள் கணக்குக்கு மாற்றுவார்கள், அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சிக்கான எல்லை. எனக்கு எட்டுக்கு மேல் இருந்தது இரண்டைச் சொச்சமாக மாறியது. அதை வீட்டில் சொன்னபோது அப்பா முகம் வாடிவிட்டது, "அவ்வளவு குறைச்சலா போட்டுட்டாங்களா கண்ணு?" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு அவர் அதைப் பட்டறையில் எல்லோருக்கும் விளக்கியிருக்கிறார்.

பணம்தான் கஷ்டம். விசாவுக்கு ஒரு வருஷச் செலவை முடக்கப்பட்ட கணக்கில், பிளாக்டு அக்கவுண்ட் என்பார்கள், முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். 2023-இல் அது 11,208 யூரோ, மாதம் 934 வீதம் அங்கே போன பிறகு நம் கைக்கு வரும். (2024 செப்டம்பரில் அது 11,904 ஆகிவிட்டது.) அன்றைய மதிப்பில் பத்து லட்ச ரூபாய். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும், எங்களிடம் இருந்தது தாத்தா காலத்து இரண்டரை சென்ட் வீடு. வில்லங்கச் சான்று எடுத்தாயிற்று, வக்கீலிடம் காட்டியாயிற்று, அங்கே மறுபடியும் பெயர் வந்து நின்றது. இந்த முறை என் பெயர் கிடையாது, அப்பாவுடையது. பட்டாவில் அவர் பெயரின் கடைசியில் ஓர் 'உ' கூடுதலாக இருக்கிறது, ரேஷன் கார்டில் அது இல்லை, ஆதாரில் ஆங்கில எழுத்து ஒன்று இரட்டித்திருக்கிறது. ஐம்பத்து நாலு வயசு வரைக்கும் அந்த 'உ' அவரை ஒன்றுமே செய்ததில்லை. வங்கியில் மேஜைக்கு எதிரே அவர் மூன்று காகிதங்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு, "மூணும் நான்தானுங்க" என்று சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வி.ஏ.ஓ. அலுவலகம், நோட்டரி, வக்கீல், வங்கி என்று ஐந்து வாரம். கடன் வந்தது, பற்றாக்குறைக்கு அம்மாவின் நகை போனது.

கடைசி செமஸ்டர் ரிசல்ட் இந்த ஓட்டத்துக்கு நடுவில் வந்தது. கொண்டாடவில்லை, புரொவிஷனல் சான்றிதழை உடனே ஸ்கேன் எடுத்துப் பதிவேற்றினேன். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்காமல் நாட்கள் போயின, கிடைத்து, கொடுத்து, பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் எழுந்ததும் மெயில் பார்ப்பேன், அப்பா பல் விளக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். அக்டோபரில் அங்கே வகுப்பு தொடங்கிய பிறகுதான் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது.

அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட். அங்கிருந்து லைப்சிக், லைப்சிக்கிலிருந்து டீசல் ரயிலில் கெம்னிட்ஸ். ஜெர்மனியில் டீசல் ரயிலா என்று ஆச்சரியமாக இருந்தது, அந்தத் தடத்தின் பெரும்பகுதியில் அப்போது மின்கம்பியே கிடையாது. வெளியே வயலும் காற்றாலையும், கொஞ்ச நேரம் பல்லடம் தாண்டி உடுமலை போகிற மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்று தெரியும், ஆனால் பசியில் நிற்கும்போதுதான் அது உறைக்கிறது. அக்கா ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். அன்று இரவு புளிக்காய்ச்சலில் சோறு. மறுநாள் ஆயுத பூஜை. பட்டறையில் லேத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு அப்பா அனுப்பிய படத்தை ஏழு டிகிரி குளிரில் ஜன்னல் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்புறம் கடிதங்களுக்காகக் காத்திருப்பு. ஜெர்மனியில் முக்கியமானது எல்லாமே தபாலில்தான் வரும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், அது முடிந்தது. வங்கிக் கணக்கும் திறந்தேன். கார்டு ஒரு கடிதத்தில், பின் நம்பர் இன்னொரு கடிதத்தில் வரும் என்றார்கள். பத்து நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. முடக்கிய கணக்கிலிருந்து 934 யூரோ வர இந்தக் கணக்கு ஓட வேண்டும், கையில் இருந்தது 140 யூரோ. மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் மாதம் 120-க்கு மேல். தூக்கமே வரவில்லை. கடைசியில் அக்கா கீழே வந்து பார்த்துவிட்டு, "பொட்டில உன் பேர் எங்கடி?" என்றார். அங்கே அடுக்குமாடியில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனிக் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். என்னுடையது இரண்டு முறை திரும்பிப் போயிருந்தது.

ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையில் அப்பாவின் பெயரை எழுதி, மேலே டேப் ஒட்டி, பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டினேன். என் பெயரை எழுதவே இல்லை, தேவைப்படவில்லை. நான்காம் நாள் முதல் கடிதம் வந்தது. பிறகு வரி எண், காப்பீட்டு அட்டை, வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு தாள் (வீட்டுக்கு ஒன்று என்பதால் அதைப் பங்கு போட்டுக்கொண்டோம்), எல்லாமே ஃப்ராவ் (பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்) போட்டு அப்பா பெயருக்கு. பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில் அந்தப் பெயரை ஒருவர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், நான் யாரையோ என்று உட்கார்ந்திருந்தேன். அப்பா பெயரில் ஒரு 'வ' உண்டு. ஆங்கிலத்தில் அதை எழுதும் எழுத்தை ஜெர்மன்காரர்கள் பெரும்பாலும் 'ஃப' என்றுதான் வாசிப்பார்கள். பேராசிரியர், நூலகத்தில் இருப்பவர், டிராமில் டிக்கெட் பார்ப்பவர் என்று எல்லோரும் அந்த 'ஃப'வோடு அவர் பெயரைச் சொல்வதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். மில்லில் அவரை ஃபிட்டர் என்பார்கள், பட்டறையில் அண்ணன் என்பார்கள், அம்மா ஏனுங்க என்பார். அவர் பெயரை முழுசாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கெம்னிட்ஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1953 முதல் 1990 வரை அதன் பெயர் கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட். நகர நடுவில் ஏழு மீட்டர் உயரத்துக்கு மார்க்ஸின் தலை மட்டும் இருக்கிறது, 1971-இல் லெவ் கெர்பெல் என்ற சோவியத் சிற்பி செய்தது, பின்சுவரில் உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள் என்று நான்கு மொழிகளில். அப்பா பழைய தொழிற்சங்கத்துக்காரர், அந்தத் தலையின் படத்தை இன்றும் போன் திரையில் வைத்திருக்கிறார். அதைவிட அவரைத் தொட்டது வேறு. நூற்பாலைகளாலும் ஜவுளி இயந்திரங்களாலும் வளர்ந்த இந்த ஊரை ஒரு காலத்தில் சாக்ஸனி மாநிலத்தின் மான்செஸ்டர் என்பார்கள். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இங்கே வந்து அதைக் கேட்டபோது, ஏதோ பெரியப்பா வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஒரு சனிக்கிழமை இங்குள்ள தொழில் அருங்காட்சியகத்திலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டேன். அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் நேர வித்தியாசம் மூன்றரையிலிருந்து நாலரை மணியாகிவிடும், அவர் அங்கே சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருந்தார். பழைய நூற்பு இயந்திரத்தின் முன்னால் போனைப் பிடித்தேன். "இன்னும் கிட்டப் போ கண்ணு, அந்தக் கியர் பாக்ஸ் பக்கம்" என்றார். முக்கால் மணி நேரம் என்னை அங்கேயும் இங்கேயும் நடக்கவைத்தார். பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர் என்னவென்று கேட்டார், என் அரைகுறை ஜெர்மனில் அப்பா மில்லில் இருந்தவர் என்றேன். அவர் தன் கையை நெஞ்சில் தட்டி, நானும் என்றார். போனில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டார்கள், பேச மொழி இல்லை.

பயணம் என்றால் அப்போது 49 யூரோவாக இருந்த மாத டிக்கெட்டில் போன இடங்கள்தான், டிரெஸ்டன், லைப்சிக், மலைப்பக்கம் அன்னாபெர்க். அந்த வருஷம் கார்த்திகை தீபம் நவம்பர் 26, அடுத்த ஞாயிறு இவர்களுக்கு முதல் அட்வென்ட், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது. எர்ட்ஸ்கெபிர்கே மலை ஊர்களில் ஜன்னலுக்கு ஜன்னல் வில் போல வளைந்த மரச்சட்டத்தில் விளக்கு வைப்பார்கள், குளிர்காலத்தில் பகல் வெளிச்சமே காணாத சுரங்கத் தொழிலாளர்களின் நினைவாக என்று சொன்னார்கள். நானும் அக்காவும் எங்கள் ஜன்னலில் ஒரு வாரம் முன்னதாகவே இரண்டு அகல் ஏற்றியிருந்தோம்.

டிகிரி சான்றிதழ் வந்தபோது நான் ஊரில் இல்லை. அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்து அப்பாவே கல்லூரிக்குப் போய் வாங்கினார், இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனாராம். சான்றிதழோடு அவர் அனுப்பிய படத்துக்குப் பதிலாக நான் தபால் பெட்டியைப் படமெடுத்து அனுப்பினேன், அவர் பெயர், கீழே பனி ஒட்டிய கம்பி. ரொம்ப நேரம் பதிலே இல்லை. பிறகு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரிதான எழுதியிருக்க கண்ணு? பட்டால இருக்கற அந்த 'உ'வ சேத்தீராத, தபாலு திரும்பிப் போயிரும்."