உச்சந்தலையில் தட்டாதீங்க

போன மாதம் பாப்பாவுக்குத் தொண்டையில் பொரி அடைத்தபோது பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன், நல்லவேளை அவளே இருமித் துப்பிவிட்டாள். அந்தப் பயத்தில்தான் இன்று பெரம்பூரில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்கு மாமியாரோடு போனேன். கண்ணுக்குத் தெரியாததைத் துழாவவே கூடாதாம், இன்னும் உள்ளே தள்ளிவிடுமாம்!

குழந்தை இருமினால், அழுதால் இருமவிட வேண்டும். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்குள் என்றால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தாடையைத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சு நடுவில் 5 அழுத்து, இப்படியே மாறி மாறி, அதற்குள் இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். வயிற்றை அழுத்தக் கூடாது.

பொம்மையை நான் தூங்கவைப்பதுபோல் தட்டினேன், நர்ஸ் சிரித்துவிட்டார். அத்தை தட்டிய தட்டில் உள்ளே இருந்த உருண்டை பாய்க்கு வெளியே போய் விழுந்தது.

அப்புறம் தீக்காயம். டூத்பேஸ்ட் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள் என்றார். "மோட்டார் ரிப்பேர்னா?" என்று கேட்டார் அத்தை. எங்கள் பிளாக் மொத்தமும் செக்ரட்டரியைத் திரும்பிப் பார்த்தது.