ஜல்லி ரோட்டுக்கு எந்த டயர்? சத்துவாச்சாரி மாமாவின் குறுக்கு விசாரணை

லீவில் வேலூர் வந்தால் என்னென்ன கேட்பார்கள் என்பது மனப்பாடம். சம்பளம் எவ்வளவு, குளிர் எவ்வளவு, அங்கே அரிசி கிடைக்குமா. சத்துவாச்சாரி மாமா மட்டும் என் போனில் இருந்த வண்டிப் படத்தைப் பெரிதாக்கி, வண்டியை விட்டுவிட்டு டயரைப் பார்த்தார். ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குத் தோல் லோடு அடித்தவர். லாரியை விற்றுப் பல வருஷம் ஆகியும் கண் முதலில் அங்கேதான் போகும்.

"இன்னா மாப்ள, பட்டன் டயரா போட்டுக்கீற? காட்டு வழியா போற?"

ஆமாம், கிட்டத்தட்ட காட்டு வழிதான். நான் இருப்பது கனடாவில் ஆல்பெர்டா மாகாணத்தின் கிராண்ட் பிரெய்ரி. எட்மண்டனிலிருந்து வடமேற்கே சுமார் 450 கி.மீ. சுற்றிலும் எரிவாயுக் கிணறுகள். அங்கே கான்ட்ராக்டில் கருவி பழுது பார்க்கிற வேலை என்றால், டூல் பெட்டி, ஜெனரேட்டர், பைப் எல்லாம் ஏற்றிய சொந்த பிக்கப் வேண்டும். என்னுடையது முக்கால் டன் ரகம். பேர்தான் முக்கால் டன். அதைவிட அதிகமே தூக்கும். பாதி ஓட்டம் 43-ஆம் நெடுஞ்சாலையில், மீதி கிணறுகளுக்குப் போகும் ஜல்லி ரோட்டில். ஜனவரியில் மைனஸ் 30 சர்வசாதாரணம்.

வண்டியைப் பழசாகத்தான் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் மட்-டெரெய்ன் டயர் போட்டிருந்தார். பார்க்க மிரட்டும். நெடுஞ்சாலையில் நூறில் போனால் வண்டிக்குள் பாட்டுக் கேட்காது, அப்படி ஒரு ஊளை. அதன் பட்டன்கள், அதாவது ரோட்டில் பதியும் ரப்பர் கட்டைகள், பெரிது பெரிதாக, மேலே மெல்லிய கீறல் எதுவும் இல்லாமல் இருக்கும். சேற்றில் மண்ணைக் கக்கிவிட்டு ஏறிப் போகும். ஐஸில் பிடிக்க அதற்கு விளிம்பே கிடையாது. இதற்கும் சாதாரண ரோட்டு டயருக்கும் நடுவில் இருப்பதுதான் ஆல்-டெரெய்ன். அங்கே பிக்கப் வைத்திருக்கிற பலர் அதைப் போடுவதே அழகுக்குத்தான். வாரத்துக்கு ஒருதரம் மளிகை வாங்கப் போகிற வண்டிக்கு அது தண்டச் செலவு, டீசலும் கூடக் குடிக்கும்.

மாமா அடுத்துக் கேட்டது லோடு. டயரின் பக்கச் சுவரில் இருப்பதைப் படித்துக் காட்டினேன்: எல்.டி.275/70ஆர்18, 125/122எஸ், லோடு ரேஞ்ச் ஈ. எல்.டி. என்றால் லைட் டிரக். 275 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் சுவரின் உயரம், ஆர் என்றால் ரேடியல் ரகம், 18 இன்ச் டிஸ்க். 125 என்பது தனி டயராக ஓடும்போது 1650 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. பின்னால் ஜோடியாகப் போட்டால் 122, அதாவது 1500 கிலோ. எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வேக எல்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவர், லோடு ரேஞ்ச் ஈ என்பது 10 பிளை ரேட்டிங் என்றதும் நிமிர்ந்தார். "பி.ஆர்.னு சொல்லேன்! நம்ம லாரி 10.00-20 நைலான் டயரு, 16 பி.ஆர். அது." அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இப்போதைய டயரில் உள்ளே பத்து அடுக்கு உண்மையில் இருக்காது, பலத்தைச் சொல்லும் பழைய கணக்கு மட்டும் நிலைத்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய அதே அளவில், அதே பட்டன் போட்டு, எல்.டி. இல்லாத கார் ரக டயரும் கடையில் கிடைக்கும். விலை குறைவு, ஓட்டம் மெத்தென்று இருக்கும். கனமான வண்டிக்கு அது ஆகாது. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பின் அச்சு எத்தனை கிலோ தாங்கும், எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்பதெல்லாம் அதில் உண்டு. கடைக்காரர் வாயைவிட அந்த ஸ்டிக்கரை நம்பலாம்.

அடுத்தது பனி. டயர் சுவரில் எம் பிளஸ் எஸ் என்று போட்டிருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று அர்த்தமாம். பட்டன்களுக்கு நடுவே போதிய இடைவெளி இருந்தாலே அந்த முத்திரையைக் குத்திக்கொள்ளலாம், பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனிச்செதில் (ஸ்னோஃப்ளேக்) வரைந்த முத்திரைதான் சோதனையில் தேறியதற்கு அடையாளம். அந்தச் சோதனையும் அழுந்திய பனியில் டயர் எப்படி இழுத்துக்கொண்டு கிளம்புகிறது என்பதற்குத்தான். ஐஸில் பிரேக் அடித்தால் எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது. பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் பல நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் இந்த இரண்டு முத்திரைகளில் ஒன்று கட்டாயம், பட்டன் ஆழமும் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆல்பெர்டாவில் அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லையே என்று கோடை டயரிலேயே ஓட்டுகிறவர்களும் உண்டு. 7 டிகிரிக்குக் கீழே போனாலே அந்த ரப்பர் விறைக்க ஆரம்பித்துவிடும். மைனஸ் 30-இல் அது மரக்கட்டை.

காற்று விஷயத்தில் மாமாவுக்கும் எனக்கும் பிரச்சினை நேர்தலைகீழ். வேலூர் வெயிலில், பள்ளிகொண்டா பக்கம் தார் கொதிக்கிற மே மாதத்தில், காற்றுக் குறைந்த டயர் லோடோடு ஓடினால் சூடேறி வெடிக்கும். லாரி நிற்கிற இடத்திலெல்லாம் கிளீனர் பையன் இறங்கி, கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வருவான். கெட்டியான 'டங்' வந்தால் சரி. 'தொப்' என்றால் காற்று இல்லை. உள்பக்க டயரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, காதுதான். எனக்கோ குளிரில் தானாக இறங்குகிறது. காருக்குச் சொல்லும் கணக்கு, ஐந்தாறு டிகிரி குறைந்தால் 1 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) போகும் என்பது. அது 35 பாயிண்ட் காற்றுக்கான கணக்கு. 80 பாயிண்ட் பிடித்த டயரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறங்கும். 20 டிகிரி இருக்கும் ஷெட்டுக்குள் 80 பிடித்துவிட்டு, மைனஸ் 30-இல் வெளியே நிறுத்தினால் காலையில் 64 தான் காட்டும். டயரில் ஓட்டை தேடிப் பயனில்லை, குளிரில் வைத்து மறுபடி பிடிக்க வேண்டும்.

ஜல்லி ரோட்டைப் பற்றி அவருக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. உடைத்த கல், கூர் மழுங்காதது. பட்டனைச் சில்லுச் சில்லாகக் கொத்திவிடும். இடுக்கில் சிக்கிய கல்லை எடுக்காமல் ஓட்டினால் உள்ளே துளைத்துக்கொண்டே போகும். நல்ல ஆல்-டெரெய்னில் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள், கல்லை வெளியே தள்ள. நோக்கியன் கம்பெனி ஒருபடி மேலே போய்ப் பக்கச் சுவரில் அராமிட் இழை சேர்க்கிறது, குண்டு துளைக்காத உடுப்பில் வரும் அதே ரகம். சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டவே முடியாது. போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்டெப்னிதான் தெய்வம். அதனால் ஸ்டெப்னியும் அதே அளவு, அதே லோடு ரேஞ்சில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம். வாங்கும்போது தயாரித்த தேதியும் பார்க்க வேண்டும். டயர் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்: 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம்.

கடைசியில் நான் வைத்திருப்பது இரண்டு செட். ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் நடுவரை ஆல்-டெரெய்ன், அதற்கப்புறம் குளிருக்கென்றே செய்த டயர், தனி டிஸ்கில். இரண்டுமே லோடு ரேஞ்ச் ஈ. வருஷம் முழுக்க ஒரே செட் என்றால் மலை முத்திரை உள்ள ஆல்-டெரெய்ன் போடலாம், போடுகிறவர்கள் நிறையப் பேர். 43-ஆம் நெடுஞ்சாலையில் எதிரே மரம் ஏற்றிய டிரக் வரும்போது எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மாற்றிய பிறகு 100 கி.மீ. ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியான இறுக்கத்துக்கு முடுக்குவது வழக்கம்.

நாலு டயர் ஒரு லட்சம் ரூபாய் என்றதும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிற ஊர்க்காரருக்கு டயர் விலை அதிர்ச்சி தராது போலிருக்கிறது. அவருக்கு உறுத்தியது வேறு.

"பழச இன்னா பண்ண?"

கடையிலேயே விட்டுவிட்டேன் என்றேன். புது டயர் வாங்கும்போதே மறுசுழற்சிக்கென்று ஒரு கட்டணம் வசூலித்துவிடுவார்கள், பழையதைத் துண்டு துண்டாக அரைத்துவிடுவார்கள்.

"கேஸிங், உள்கூடு, நல்லா கீதா?"

"நல்லாத்தான் இருந்துச்சு மாமா."

"மேல புது ரப்பர் ஒட்டுனா ரெண்டு ரீட்ரேட் தாங்கியிருக்கும். காசும் குடுத்து அரைக்கவும் சொல்லிட்டு வந்துக்கீற" என்று சொல்லிவிட்டு, படத்தை இன்னொரு தரம் பெரிதாக்கி ஸ்டெப்னி எங்கே மாட்டியிருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.